மாமன் தட்டு

போன வாரம் பொங்கலுக்கு வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது, பரண்மேல் கிடந்த பாத்திரங்களுக்கு நடுவிலிருந்து என் மகள் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தாள். விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கிய பழைய தட்டு. தூசியைத் துடைத்துவிட்டு, "இது யாரு தட்டுங்கம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை யார் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேன். அவள் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. "கழுவி வை கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

அது என் தம்பியின் தட்டு. சிங்காநல்லூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தான். கல்யாணம் ஆகாதவன். எங்கள் வீடு பட்டறைக்குப் பக்கம் என்பதால் மத்தியானச் சாப்பாடு எங்களோடுதான். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில் கிரீஸ் வாசனை போகாது. அவன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு, அவன் சட்டையை அழுதே நனைத்த நாளிலிருந்து என் மகளுக்கு மாமன்தான் எல்லாம்.

சோற்று விஷயத்தில் அவள் மகா பிடிவாதக்காரி. வெள்ளைச் சோறு, தயிர், பிஸ்கட். வேறெதுவும் உதட்டைத் தாண்டாது. சோற்றில் ஒரு கீரை இலை ஒட்டியிருந்தால்கூடத் தட்டையே தள்ளிவிடுவாள். நானும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடியிருக்கிறேன், பூச்சாண்டியைக் கூப்பிட்டிருக்கிறேன், செல்போனில் பொம்மைப் படம் போட்டு, அவள் வாய் பிளந்த நேரம் பார்த்துப் பீட்ரூட்டைத் திணித்திருக்கிறேன். அத்தனையும் என் புடவைக்கே திரும்பி வந்தது. பிள்ளைக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது, இப்படியே விட்டால் நல்லதல்ல என்றார் டாக்டர். அன்றைக்கு நான் அழுததைப் பார்த்துத்தான் தம்பி இதில் இறங்கினான்.

அவன் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அவளை ஒட்டி உட்கார்ந்து, தன் தட்டின் நசுங்கிய விளிம்பில், அவள் பக்கமாக, கொஞ்சூண்டு பொரியலை ஒதுக்கி வைப்பான். பிறகு அவளைத் திரும்பியே பார்க்க மாட்டான். பட்டறைக் கதை பேசிக்கொண்டு சாப்பிடுவான். நான் "ஒரு வாய் எடுத்துக்க கண்ணு" என்று ஆரம்பித்தால் அதட்டு எனக்குத்தான் விழும். "கேக்காதீங்கக்கா. கேட்டா அதுக்குப் பரீட்சை எழுதறாப்ல ஆயிருது. சும்மா உடுங்க." பல நாள் அது அப்படியே கிடக்கும், கடைசியில் அவனே எடுத்துத் தின்பான். ஒரு நாள் குட்டி விரல்கள் வந்து திருடின. முகத்தைச் சுளித்துத் துப்பினாள். அவன் கண்டுகொள்ளவில்லை. மறுநாளும் வைத்தான். இப்படியே முருங்கைக்கீரை, பீட்ரூட், கொள்ளுப் பருப்பு எல்லாம் அவள் வயிற்றுக்குள் போயின. ஆனால் மாமன் தட்டிலிருந்து மட்டும். அதையே அவள் தட்டில் வைத்தால் தொடமாட்டாள். "இனி மெல்ல அவ தட்டுக்கு மாத்திப்போடலாங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஒரு நாள் பட்டறைக்குப் போனான். அன்று சாயங்காலம் திருச்சி ரோட்டில் லாரி அடித்துவிட்டது.

அதற்குப் பிறகு மகள் சாப்பிடவில்லை. பிஸ்கட்டைக்கூடக் கடித்து வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பாள். மத்தியானமானால் அவனுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்காருவாள். அவனும் போய் இவளும் போய்விடுவாளோ என்று ராத்திரியெல்லாம் அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

கருமாதி அன்று அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படையல் வைத்தோம். இலையில் படைப்பதுதான் வழக்கம். என் அம்மா யார் சொல்லியும் கேட்காமல், மகனுடைய தட்டிலேயே போட்டு அவன் படத்துக்கு முன்னால் வைத்தாள். இன்னும் கற்பூரம் காட்டவில்லை, காக்கைக்கும் வைக்கவில்லை. அதற்குள் என் மகள் கூட்டத்துக்குள் நுழைந்து, தட்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விளிம்பிலிருந்த கீரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எங்கள் பெரியப்பா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார். "சாமி கும்புடாம தொடப்படாது அம்மணி."

அழுது அழுது குரல் போயிருந்த அம்மா எழுந்து வந்தாள். "உட்டுப்போடுங்க. அவளுக்குன்னு அவன் வெச்சதுதானுங்க."

பெரியப்பா கையை விட்டார். அவள் தின்று முடிக்கும்வரை யாரும் கற்பூரத்தைக் கொளுத்தவில்லை. அங்கே அழாமல் இருந்தது அவள் ஒருத்திதான்.

அந்தத் தட்டை அம்மா எங்களிடமே கொடுத்துவிட்டாள். அதை மகளுக்குப் பக்கத்தில் வைத்து, விளிம்பில் ஒதுக்கிவிட்டு, நான் வாயே திறக்காமல் இருந்தேன். மெல்ல மெல்லத் தன் தட்டுக்கு மாறினாள். மாமன் தட்டு பரணுக்குப் போனது. உடம்பு தேறி, என்னைவிட உயரமாகி, இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மாமன் அவளுக்குச் சுவரில் மாலை போட்ட ஒரு முகம், அவ்வளவுதான். நாலு வயதில் பார்த்ததை யார் நினைவில் வைத்திருக்க முடியும்? நியாயம்தான். நியாயம் என்பதால் வலிக்காமல் இருக்கிறதா என்ன?

அன்று மத்தியானம், கழுவி வைத்த அந்தத் தட்டிலேயே சோறு போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எப்போதும் செய்வதுபோல, கீரையில் கொஞ்சூண்டு எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. என் கை தானாக நீண்டு அதை எடுத்துக்கொண்டது.

"உங்க தட்டுல கீரை இல்லீங்களாம்மா?" என்றாள்.

இருந்தது.