காலா மீன் தலை

என் பென்ஷன் பணத்தில் மகன் வாங்கி வந்த சால்மன் துண்டுகளைத் தோல் பக்கமாகக் கல்லில் போட்டேன். வெந்த தினையைத் தட்டின் நடுவில் குவித்து, சுற்றிலும் கேரட்டும் பீன்ஸும் அடுக்கினேன். ஓட்டல் தட்டு மாதிரி இருக்க வேண்டுமாம் அவனுக்கு. தோல் முறுகிய வாசனை வந்ததும் கல்மண்டபத்தில் நான் வளர்ந்த வீடு நினைவில் ஏறிவிட்டது.

அங்கே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்தால் காலா மீன் குழம்பு. மீனின் தலை சம்பாதிக்கிறவருக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய வரை அது சரி. இடுப்பு ஒடிந்து அவர் படுத்த பிறகு, விரல் வெடிக்க ஐஸ் இறால் உரித்துச் சோறு போட்டது அம்மா. தலை மட்டும் நைனா தட்டுக்கே போனது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிறு, அம்மா தலையை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். நைனாவின் அக்கா விடுவாளா?

"இன்னாமே, ஆம்பள குந்திகினு கீறான், நீ தலைய முழுங்குற?"

"சம்பாரிக்கிறவங்களுக்குத்தான் தலைன்னு நீதானக்கா சொல்லுவ," என்றாள் அம்மா.

நைனா சிரித்துவிட்டார். "துன்னட்டும் வுடுக்கா. ஏமே, கண்ண மட்டும் எனுக்குக் குடு."

அம்மா கொடுக்கவில்லை. நிதானமாக எல்லாவற்றையும் உறிஞ்சித் தின்றாள்.

"அம்மா, அந்தப் பெரிய துண்டு எனக்கு," என்று மகன் கூடத்திலிருந்து குரல் கொடுத்தான். அதை என் தட்டில் வைத்தேன்.

"தோலாவது குடும்மா."

தரவில்லை.