கழுத்தில் தொங்கிய ரேடியோ

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போன பிறகு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அவர். ஒல்லியான உடம்பு. கழுத்தில் எப்போதும் ஒரு பேட்டரி ரேடியோ கயிற்றில் தொங்கும். செய்தி தொடங்கினால், அழுகிற குழந்தையைக்கூட ஒரு விரலை உயர்த்தி அடக்கிவிடுவார்.

"போன்லயே எல்லா ரேடியோவும் வருதுங்கக்கா, இத எதுக்கு சுமக்கிறீங்க?" என்று பலமுறை கேலி செய்திருக்கிறேன்.

மூன்றாம் நாளும் மழை விடாத ஒரு காலையில் மகளைக் கூட்டிவரப் போனேன். மடுவத்துக்குப் பின்னால் வடிகால் கானில் தண்ணீர் செக்கச் சிவப்பாக ஓடியது. என் போனில் செய்தி போய்க்கொண்டிருந்தது. "மண்சரிவு அபாயம் காரணமாக" என்றதோடு குரல் நின்றது. திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவருடைய ரேடியோதான் கரகரப்போடு சொல்லி முடித்தது: லிந்துலைப் பகுதியில் மலைச்சரிவை ஒட்டி இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும்.

"நம்ம தோட்டத்துப் பேரச் சொல்லலையேக்கா."

"நம்ம பேர என்னைக்கு தம்பி சொல்லியிருக்காங்க? லிந்துலைன்னா நாமதான். தூக்குங்க!"

ஏழு குழந்தைகள். ஆளுக்கு இரண்டு பேரைத் தூக்கி, மற்றவர்களை முன்னால் விட்டுக் கோயிலுக்கு ஓடினோம். பாதி வழியில் பின்னால் மலை உறுமியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். மடுவத்தின் பின்சுவர் இருந்த இடத்தில், யாரோ நட்டு வைத்ததுபோல் தேயிலைச் செடிகள் நிமிர்ந்து நின்றன. அவர் ஒரு விரலை உயர்த்திச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அன்றும் எங்கள் தோட்டத்துப் பேர் வரவில்லை.