போர்த்தோவிலும் ஒரு சொந்தக்காரன்

ஐரோப்பாவின் சோபாக்களை வேரோனிக்கா அன்ரியைப் போல அறிந்தவர் கனடாவின் ஸ்காபரோவில் எவருமில்லை. பாரிசில் மச்சாள் வீட்டுச் சோபா, சூரிச்சில் சித்தப்பா வீட்டுச் சோபா, லண்டனில் எல்லார் வீட்டுச் சோபாவும். ஈபிள் கோபுரத்தைக் கார்க் கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்தார். மச்சாள் வீட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதாம்.

அதனால்தான் இம்முறை போர்த்துக்கலின் போர்த்தோ நகரம். அங்கே சொந்தம் என்று ஒரு பூச்சியும் இல்லை. பக்கத்து ஊரான விட்பியில் முதியோர் இல்லச் சமையலறை வேலை முடிந்ததும், காருக்குள் இருந்தபடியே அந்த ஊர் ஒழுங்கைகளை வீடியோவில் பார்ப்பார். கோபுரம், கோட்டை ஒன்றும் வேண்டாம். உடுப்புக் காயும் ஒரு சந்து, ஆறு தெரியும் யன்னலோடு ஓர் அறை, தனியே நடக்க ஒரு கிழமை. அறையைப் பதிவும் செய்துவிட்டார்.

கணவர் கிளிபோட் அங்கிள் சும்மா இருப்பாரா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "வேரோனிக்கா போர்த்தோ போறா. எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

தேத்தண்ணி ஆறுமுன் ஆள் கிடைத்துவிட்டது.

"சூசைதாசன் அண்ணையின்ர மருமகன் றொய்சன் அங்கதானாம். எயார்போட்டுக்கு வாறானாம். நான் ஹோட்டலைக் கான்சல் பண்ணிட்டன்," என்றார் பெருமையாக.

"என்ன பண்ணினனீங்கள்?" அகப்பை தொட்டிக்குள் விழுந்தது. "நான் செத்தாலும் ஒரு சொந்தக்காரற்ற சோபாவில கிடத்திப்போட்டுத்தான் புதைப்பியளோ?"

"வீட்ட போகாட்டி அவை என்ன நினைப்பினம்?"

"நினைக்கட்டும்!"

அன்ரி உடனே றொய்சனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"வாங்கோ அன்ரி," என்றான் அவன். "என்ர கட்டில்ல நீங்கள் படுக்கலாம். நான் குசினியில படுப்பன். அறையில இருக்கிற மற்றப் பெடியள் நாலு பேரும் சத்தம் போடமாட்டாங்கள்."

அன்ரி அங்கிளின் பக்கம் திரும்பினார். "இஞ்சருங்கோ, கேட்டீங்களோ? ஒரு பெடியன்ர கட்டிலைப் பறிச்சுப்போட்டு நிக்கிறீங்கள்! தம்பி, நீ ஏனடா ஓமெண்டனீ?"

"மாமா சொன்னவர் அன்ரி. மாட்டன் எண்டு சொல்லலாமோ?"

"சொல்லலாம். நான் சொல்லிக் காட்டிறன், கேள். மாட்டன்! உன்ர கட்டில்ல நீயே படு."

அவன் விட்ட மூச்சு ஸ்காபரோவுக்கே கேட்டது.

அங்கிள் அவசரமாக அந்த ஹோட்டலில் திரும்பவும் அறை தேடினார். யன்னல் அறையை யாரோ எடுத்துவிட்டார்கள். "பின்பக்க அறைதான் இருக்குதாம். சுவர்தான் தெரியும்," என்றார் தலை குனிந்தபடி.

"எடுங்கோ. சுவர் என்னட்டைச் சாப்பிட்டியோ எண்டு கேளாது. ஆத்தை நடந்துபோய்ப் பாப்பன்."

"அப்ப குழுவில என்னெண்டு எழுதுறது?"

"வேரோனிக்காவுக்கு விசர், பைத்தியம் எண்டு எழுதுங்கோ. ஒருத்தரும் வீட்ட கூப்பிடமாட்டினம்."