தள்ளுவதற்குப் படகில்லாத கரை

எங்கள் படகை நீங்கள்தான் கொண்டுபோனீர்கள். பொய் சொல்லிக் கொண்டுபோனீர்கள். ஊர்காவற்றுறையில் பெரிய சங்கத்துக்குத் தலைவராக இருந்த உங்களைத்தான் சொல்கிறேன்.

எழுவைதீவில் எங்களுடையது சின்னச் சங்கம். நோயாளியைப் படகில் ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் அதன் ஒரே வேலை. துறையில் ஒரு கம்பம் நின்றது. அதில் வெள்ளைத் துணி ஏறினால், கண்டவன் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து படகைத் தள்ள வேண்டும். அதனால் கரைப்பக்கம் ஒருவரும் வெள்ளைத் துணி காயப்போடுவதில்லை. நோயாளி படகேறினால், இல்லாவிட்டால் உயிர் போனால்தான் துணி இறங்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் படகு உழுத்துப்போனது. திருத்த எங்களுக்கு வழியில்லை. சங்கத்தை உங்களோடு சேர்த்தால் திருத்தி, இயந்திரமும் பூட்டித் தருவதாகக் கூட்டத்தில் சொன்னீர்கள். என் தங்கையின் புருசன் எழும்பிக் கேட்டான்.

"தலைவர், பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போகப்போறியளோ, வீட்டோடை மாப்பிள்ளையா இருப்பியளோ?"

சனம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

"வீட்டோடைதான் தம்பி. படகு உங்கடை துறையிலைதான் நிக்கும்."

எல்லோரும் கை உயர்த்தினோம். படகைத் திருத்தினீர்கள், உண்மை. ஆனால் உங்கள் துறையில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டீர்கள்.

அடுத்த சோழகக் காற்றுக் காலத்தில் தங்கைக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றாள் மருத்துவிச்சி. மச்சான் ஓடிப்போய்த் துணியை ஏற்றினான். படகு இல்லையென்று அவனுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். இருந்தும் எல்லோரும் ஓடிவந்தார்கள். தண்ணீரில் இறங்கி, அவரவர் வழக்கமான இடத்தில் நின்றார்கள். தள்ள ஒன்றுமில்லை.

"அண்ணை, நாங்கள் என்னத்துக்கு இறங்கினனாங்கள்?" என்று ஒருவன் என்னைக் கேட்டான்.

பெரிய வள்ளங்கள் தொழிலுக்கு வேறு கரைக்குப் போயிருந்தன. அந்தக் காற்றில் தங்கையைக் கட்டுமரத்தில் கிடத்திக் கொண்டுபோக முடியாது. நான் மட்டும் அதில் உங்கள் துறைக்குப் போனேன்.

"தலைவர் யாழ்ப்பாணம் போயிட்டார். அவர் சொல்லாமல் அவிழ்க்க ஏலாது" என்றான் காவல்காரன்.

நீங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் படகு கிடைத்தது. திரும்பி வரும்போது தூரத்திலேயே கம்பம் தெரிந்தது. துணியை இறக்கிவிட்டிருந்தார்கள்.

இப்போது கம்பமும் இல்லை. இருந்தாலும் கரைப்பக்கம் ஒருவரும் வெள்ளை காயப்போடுவதில்லை. போன சோழகத்தில் யாருடைய சேலையோ காற்றில் பறந்து கரைப்பனையில் சிக்கி அடித்தது. பெடியள் வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கு நின்ற நாங்கள் ஓடினோம். மச்சான் தண்ணீரில் இறங்கித் தன் இடத்தில் நின்றான். கூப்பிட்டோம். வரவில்லை. சேலையை எடுத்த பிறகும் நின்றான்.

ஒவ்வொரு திருவிழாவுக்கும் எங்கள் தீவுக்கு வந்து முன்கதிரையில் இருக்கிறீர்கள். இந்த முறை அந்தக் கதிரையை விட்டு எழும்புங்கள். எங்கள் துறையில் நிற்குமென்று சொன்ன படகை ஏன் பூட்டினீர்கள்? கோயில் முற்றத்தில், மச்சானின் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.