காட்டில் கொண்டுபோய் விட்ட எலிகள்

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிற யாரிடமாவது போய், "உங்க லாட்ஜுல எலி இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் சுருங்கிவிடும். அதுவும் சாரல் விழுந்து அறைக்கு ஆள் அலைமோதுகிற ஆனி ஆடியில், எலி என்ற சொல்லையே யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். ஐந்தருவிச் சாலையில் இருபத்திரண்டு அறை உள்ள லாட்ஜில் மேனேஜராக இருக்கும் தாணுவும் அப்படித்தான். ஆனால் அங்கே வேலை பார்க்கிற பையன்கள் அவர் காதுபடாமல் அவருக்கு வைத்திருக்கும் பெயர் எலி அண்ணாச்சி.

தாணுவுக்கு வயது அறுபத்தொன்று. இலஞ்சிப் பக்கம் நிலபுலனோடு இருந்த குடும்பம். அவர் தலையெடுப்பதற்குள் வயலெல்லாம் கைமாறிப் போய், நல்ல பெயர் ஒன்றுதான் மிஞ்சியது. நல்ல பெயரை வைத்து உலை கொதிக்குமா? முப்பது வயதில் லாட்ஜுக்கு வேலைக்கு வந்தார். வந்த வருஷமே சரக்கு அறையில் எலித்தொல்லை தாங்காமல் மருந்து வைத்தார். மறுநாள் மத்தியானம் ஒரு எலி, மனுஷனைக் கண்டு ஓடக்கூடத் தெம்பில்லாமல், தள்ளாடித் தள்ளாடி வந்து அவர் காலடியில் இருந்த தண்ணீர் மக்கில் வாயை வைத்தது. வைத்தபடியே செத்துப்போயிற்று. தாணுவுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிள்ளையாரின் வாகனம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவருக்கு அதெல்லாம் பிறகுதான். அந்த எலி தண்ணீருக்குத்தான் வந்தது என்பதை அவரால் மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து லாட்ஜில் மருந்து கிடையாது. சுட்ட தேங்காய்ச் சில்லை எலிப்பெட்டியில் மாட்டி வைப்பார். எலி சிக்கினால், அது மிரளாமல் இருக்கப் பெட்டியின்மேல் துண்டைப் போர்த்தி, மொபெட்டில் வைத்துக்கொண்டு ஐந்தருவிக்கு மேலே காடு தொடங்குகிற இடத்துக்குப் போவார். கதவைத் தூக்கியதும் அது புதருக்குள் பாய்வதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். முப்பது வருஷமாக இதுதான் வழக்கம். ஒரு உயிரைக் கொன்றதில்லை என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

திரும்பும்போது முத்துசெல்வி கடையில் ஒரு டீ. காட்டை ஒட்டி இருக்கிற ஒரே கடை அதுதான். வடையும் பஜ்ஜியும் போடுவாள். புருஷன் போன பிறகு ரெண்டு பெண்பிள்ளைகளை அந்தச் சட்டியை வைத்தே கரையேற்றியவள். கடையைக் கீழே ஊருக்குள் இறக்கிவிட வேண்டும் என்று அதிகாரிகளிடம் வெகுநாளாக ஒரு பேச்சு இருந்தது. கீழே ஏற்கெனவே ஐம்பது கடை இருக்கிறது. ஐம்பத்தோராவது கடையில் யார் வடை வாங்குவார்கள்?

அந்தக் கடைக்குத்தான் ஷாரோனும் வருவாள். தென்காசிப் பெண். எலிகளின் வயிற்றில் இருக்கிற புழுக்களை ஆராய்ச்சி செய்கிறவள். ஊருக்குள் இருக்கிற எலிக்கு என்ன புழு, வயல் எலிக்கு என்ன புழு, காட்டெலிக்கு என்ன புழு என்று பிடித்துப் பார்ப்பது அவள் வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால் தாணுவின் லாட்ஜ் வாசலில் வந்து நின்று, பின்பக்கம் பொறி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கூடத்தில் சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. தாணு சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம லாட்ஜுல எலியே கிடையாதும்மா."

ஆடி முதல் வாரம் ஒரு காலையில், துண்டு போர்த்திய பெட்டியோடு காட்டுக்குப் போகிற வழியில் சாரல் வலுத்ததால் முத்துசெல்வி கடையில் ஒதுங்கினார். ஷாரோன் இருந்தாள். பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே சாண் நீளத்துக்கு வெள்ளையாக, முடிச்சு முடிச்சாக ஒரு நூல்.

"ஏட்டி, வடை போடுத எடத்துல என்னத்த எடுத்துக் காட்டுத! ஆளு வந்தா ஓடிருவான்," என்று முத்துசெல்வி கரண்டியை ஓங்கினாள்.

"புழு அண்ணாச்சி," என்றாள் ஷாரோன். "தலையில கொக்கி கொக்கியா முள்ளு இருக்கும். குடல்ல குத்திக்கிட்டு உக்காந்துரும். கரப்பான்பூச்சியத் தின்னுத எலிக்குத்தான் இது வரும். ஓட்டல் எலி, மார்க்கெட் எலி வயித்துல இருந்தா அதிசயமில்ல. நான் காட்டெலி வயித்துலல்லா எடுத்தேன்! வால்நுனி வெள்ளையா இருக்குமே, அது. காட்டோரமா மூணு எடத்துல பொறி வச்சேன். மூணுலயும் இருக்கு."

"எங்கன எங்கன வச்ச?"

"ஓடைக்கரை. நாவல் மேடு. அந்தப் பாறைச் சரிவு."

தாணு டீயை பெஞ்சில் வைத்துவிட்டார். அவர் எலி விடுகிற மூன்று இடங்களும் அவைதான்.

"டவுன் எலி இங்கன வந்து கழிஞ்சிருக்கு. அதைத் தின்ன பூச்சியக் காட்டெலி தின்னிருக்கு. டவுன் எலி ஏன் மேல ஏறுது? இந்தக் கடைக் குப்பைக்குத்தான். வேற என்ன இருக்கு இங்கன? அதிகாரிகளுக்குக் குடுக்குத அறிக்கைல அப்படித்தான் எழுதப்போறேன்." சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு யாருடைய கடையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்தது. "தப்பா எடுத்துக்கிடாதீங்கக்கா. பாத்ததத்தான எழுத முடியும்."

முத்துசெல்வி கரண்டியைப் போட்டுவிட்டு நின்றாள். சட்டியில் வடை கருகிற்று.

மொபெட்டில் துண்டுக்கடியில் எலி பிறாண்டுகிற சத்தம் தாணுவுக்குக் கேட்டது. அன்று அவர் காட்டுக்குப் போகவில்லை. எலியைத் திரும்ப லாட்ஜுக்கே கொண்டுவந்து, மாடிப்படிக்கடியில் வைத்து, தேங்காயும் ஒரு மூடியில் தண்ணீரும் வைத்தார். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டுக் கண்ணும் ஈரமூக்குமாக அதுவும் அவரைப் பார்த்தது. உள்ளே எத்தனை புழுவோ!

சொன்னால் என்ன ஆகும்? லாட்ஜில் எலி என்று ஊர் முழுக்கத் தெரியும். முதலாளி மருந்து வைக்கச் சொல்வார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முப்பது வருஷம் புண்ணியம் என்று நினைத்துச் செய்ததைத் தன் வாயாலேயே பாவம் என்று சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் நாக்கு எழவில்லை. ஒரு கெட்ட காரியம் செய்திருந்தால்கூட ஒப்புக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாது. அவருக்கு ஒன்றும் ஆகாது.

ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது கடை அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. முத்துசெல்வி கடைக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பினாயிலை ஊற்றித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"எச்சி எலைய அன்னன்னைக்கே குழி தோண்டிப் பொதைக்கேன் அண்ணாச்சி. ஒரு கரப்பான்பூச்சி கண்ணுல பட்டாலும் விடமாட்டேன். இன்னும் என்னதான் செய்யச் சொல்லுதாக? எம் மேல என்ன குத்தம்னே தெரியல," என்றாள். அழவில்லை. தேய்ப்பதை நிறுத்தவும் இல்லை.

 தாணு மொபெட்டைத் திருப்பினார். ஒரு மணி நேரத்தில் எலிப்பெட்டியோடு வந்தார். அதற்குள் ஷாரோனையும் போன் போட்டு வரச் சொல்லியிருந்தார். அவள் வந்ததும் ரெண்டு பேர் முன்னாலும் பெட்டியை பெஞ்சில் வைத்துத் துண்டை எடுத்தார்.

"இது எங்க லாட்ஜு எலி. எலி கிடையாதுன்னு ஒங்கிட்ட சொன்னது பொய். மாட்டுத எலிய எல்லாம் கொண்டாந்து காட்டுலதான் விடுதேன். இன்னைக்கு நேத்தா? முப்பது வருசமா. ஓடைக்கரைல ஒருக்க, நாவல் மேட்டுல ஒருக்க, பாறைகிட்ட ஒருக்க. ஒரே எடத்துல விட்டா ஒண்ணையொண்ணு கடிச்சிக்கிடுமேன்னு மாத்தி மாத்தி விட்டேன். செல்வி கடைல எந்தத் தப்பும் இல்லம்மா."

 எலி பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

முதலில் வெடித்தது முத்துசெல்விதான். "நல்லா இருப்பீகளா நீங்க! இஞ்சி தட்டிப் போட்டு டீ குடுத்தேன். மூணு நாளா அடுப்புப் பத்த வைக்கல. அன்னைக்கே வாயத் தொறந்து சொன்னா முத்தா உதுந்துரும்?"

"உதுராது. தைரியம் இல்லாமப் போச்சு, செல்வி."

ஷாரோனின் கோபம் வேறு மாதிரி இருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "மூணு மாச வேலை அண்ணாச்சி. மனுசன் கை படாத காடுன்னு நெனச்சில்லா அங்கன பொறி வச்சேன்." கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தாள். "கடைக் குப்பையில ஒண்ணுமே இல்லன்னு சொல்ல மாட்டேன்க்கா. ஆனா அதுதான் காரணம்னு இனி எழுத முடியாது. எழுத மாட்டேன்." பிறகு பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தாள். "நீங்க எலி விடாத எடம் எது? ஒங்க கையாலயே காட்டுங்க."

தாணு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஓடைக்கு அந்தப் பக்கம், செங்குத்தாக ஏறுகிற இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கன போனதில்ல. நல்ல அடர்ந்த காடு, அங்க விட்டா நிம்மதியா இருக்கும்னு எத்தனையோ தடவ நெனச்சிருக்கேன். முட்டு வலி. ஏற முடியல." கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல வேள, ஏற முடியல."

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. அறுபத்தொரு வயது மனுஷர், வேட்டித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்த முத்துசெல்வி, திட்டிக்கொண்டே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

டீ குடித்து முடித்ததும் ஷாரோன் பெட்டியைத் தொட்டாள். "இத நான் எடுத்துட்டுப் போகட்டுமா? வயித்துல அதே புழு இருக்கான்னு பாக்கணும்."

எடுத்துப் போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். மயக்க மருந்து, பிறகு கத்தி.

"வலிக்குமா?"

"வலிக்காது. தூங்கிரும்."

தாணு துண்டை எடுத்துப் பெட்டியின்மேல் பழையபடி போர்த்தினார். நாலு பக்கமும் இழுத்துச் சரிசெய்தார். பெட்டியை அவள் கையில் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டார்.

"நானும் வாரேன். நான் பிடிச்ச எலி. நான் நின்னு பாக்கணும்."