அக்கா தினமும் ஸ்டார்ட் செய்த கார்

ஒருவர் அன்போடு செய்துவந்த காரியமே கெடுதலாக முடிந்தது என்று நமக்குத் தெரிந்தால், அதை அவரிடம் சொல்ல வேண்டுமா?

எனக்குத் தெரியவில்லை. பொதுவாக எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருப்பவள்தான். இதற்கு இல்லை.

விஷயம் ஒரு கார் பேட்டரி. (சிரிக்காதீர்கள்.)

சனிக்கிழமை காலை அக்காவிடமிருந்து போன்.

"சுமதி, வண்டி செத்துப்போச்சுடி."

வண்டியைப் பற்றிப் பேசுகிற குரலாக அது இல்லை. காக்களூரிலிருந்து பஸ் மாறி கும்மிடிப்பூண்டிக்குப் போனேன்.

அக்கா அங்கே தனியாக இருக்கிறாள். மாமா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். போன தை மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார். வாசலில் அவருடைய பழைய கார் நிற்கிறது. அக்காவுக்கு ஓட்டத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது அந்தக் காரைப் பற்றித்தான்.

"வண்டிய சும்மா போட்டு வெக்காத விமலா. டெய்லி ஒரு தபா ஸ்டார்ட் பண்ணி வுடு. இல்லாட்டி பேட்டரி பூடும்."

அக்கா ஒரு நாளும் விடவில்லை!

காலையில் குளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, நேராகப் போய் டிரைவர் சீட்டில் உட்காருவாள். சாவியைத் திருப்புவாள். காய்ச்சல் வந்த நாட்களிலும் இதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். இரண்டே நிமிடத்தில் அணைத்துவிட்டு இறங்கிவிடுவாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் படித்தது இயற்பியல். ஸ்டார்ட் ஆகும்போது பேட்டரி நிறைய சார்ஜைக் கொடுத்துவிடுகிறது. அதைத் திரும்பப் பெற, வண்டி கொஞ்ச தூரமாவது ஓட வேண்டும். நின்ற இடத்தில் இரண்டு நிமிடம் போட்டு அணைத்தால், ஏறுவதைவிட இறங்குவதே அதிகம். இத்தனை மாதமாக அவள் அதைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்திருக்கிறாள்.

பேட்டரிக் கடை பாஸ்கர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"இன்னாக்கா, மியூசியத்துல வெச்சா மாதிரி தொடச்சி வெச்சிக்கீற!"

அக்கா சிரிக்கவில்லை.

பானெட்டைத் திறந்தால் பேட்டரி டெர்மினல் முழுக்க உப்புப் பூத்ததுபோல் வெள்ளை. மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"டெட்டு மேடம். சார்ஜ் போட்டாலும் நிக்காது."

(விற்கிறவர் சொல்வதை உடனே நம்பும் பழக்கம் எனக்கு இல்லை.) "மீட்டரை நான் பார்க்கலாமா?"

"தாராளமா. கண்ணாடி போட்டுக்கினே பாருங்க."

பார்த்தேன். டெட்டுதான்.

"கொஞ்சம் பெரிய சைஸா வெச்சிரலாமா மேடம்?"

"இந்த வண்டிக்கு உண்டானது போதும்."

அக்கா டீ போட உள்ளே போனாள். பாஸ்கருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது.

"டெய்லி ஸ்டார்ட் பண்ணி உடனே ஆஃப் பண்ணிக்கினு இருந்தாங்களா? அதான் பேஜாரு. கொஞ்ச தூரம் போனாத்தான மேடம் சார்ஜ் ஏறும்? வயர கழட்டிப் போட்டிருந்தாக்கூட இன்னும் தாங்கியிருக்கும்."

"அதை அவங்ககிட்ட சொல்லாதீங்க," என்றேன். "மாமா சொல்லிட்டுப் போனது."

அவர் ஸ்பேனரை எடுத்துப் பழைய பேட்டரியைக் கழற்ற ஆரம்பித்தார்.

அக்கா டீயோடு வந்தாள். "ஏன் தம்பி போச்சு? அவர் எங்கிட்ட ஒரே ஒரு வேலதான் சொன்னாரு. அதயும் ஒழுங்கா செய்யலியா நானு?"

பாஸ்கர் என்னைப் பார்த்தார். பிறகு அவளை.

"அய்ய, உன் மேல இன்னா தப்புக்கா? அதுக்கு வயசாயிடுச்சு. நீ டெய்லி எழுப்பி வுட்டதாலதான் இத்தினி நாள் வந்துது."

அப்பட்டமான பொய்! அதற்காக அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

டெர்மினலில் வெந்நீர் ஊற்றித் துடைத்து, புது பேட்டரியை மாட்டி, வாஸ்லைன் தடவினார். அக்காவே ஏறி ஸ்டார்ட் செய்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்டாள். இரண்டு நிமிடம்.

அணைத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லாமல் விட்டால் இந்தப் பேட்டரியும் இப்படியே போகும். அன்றைக்கும் அவள் இதே கேள்வியைக் கேட்பாள். சொன்னாலோ, அவர் கடைசியாகச் சொன்னதைச் செய்துதான் அவருடைய பொருளைக் கெடுத்தாய் என்று சொன்னதாகிவிடும்.

அன்று அங்கேயே தங்கினேன். சாப்பிடும்போது சொல்லிவிட வாயெடுத்தேன். "ரசம் நல்லாருக்கு" என்று வந்தது.

மறுநாள் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அக்கா குளித்தாள். பூ வைத்தாள். சாவியை எடுத்தாள். நானும் பின்னால் போனேன்.

அவள் டிரைவர் சீட்டில் உட்காரவில்லை. சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். மாமா ஓட்டும்போது அவள் உட்காரும் இடம் அது. சாவியை என்னிடம் நீட்டினாள்.

"நீ ஓட்டு. கொஞ்ச தூரம் போனாத்தான் ஏறுமாமே."

"யாரு சொன்னா?"

"சமையக்கட்டு ஜன்னல் தெறந்துதான்டி இருந்துச்சு."

எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டுதான் டீயோடு வந்து அப்படிக் கேட்டிருக்கிறாள்!

எளாவூர் செக்போஸ்ட் வரை ஓட்டினேன். லாரிகள் வரிசையாக நின்றன. திரும்பி வரும்போதுதான் சொன்னாள்.

"அவர் சரியாத்தான் சொன்னாரு. ரெண்டு நிமிசம்னு அவர் சொல்லல. அது நானா வெச்சிக்கினது."

நான் கியரை மாற்றினேன்.

"அதுக்கு மேல அந்தச் சத்தத்த என்னால கேக்க முடியலடி. அவர் வேலைக்குக் கெளம்புறா மாதிரியே இருக்கும்."

வீடு வந்தது. வாசலில் நிறுத்தி, அணைக்கப் போனேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருடி. இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."