ஆமென் சொல்லும்வரை

தொண்ணூத்தொண்ணுல பொங்கல் கழிஞ்ச கையோட நாங்க ஊர் திரும்பினோம். நான், என் வீட்டுக்காரர், ஆறு வயசுப் பொண்ணு, மூணு பேர். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்குக் கிளம்பினப்பவும் இதே மூணு பேர்தான். நடுவுல அங்க பொறந்து, ரெண்டு வயசு முடிஞ்ச மாசத்துல அங்கேயே போய்ச் சேர்ந்த பையனை எங்க ஊர்ல ஒருத்தரும் கண்ணால பார்த்ததில்லை. அதனாலயோ என்னவோ, பஸ்ஸை விட்டு இறங்கினதும் எல்லாரும் முதல்ல கேட்டது, அங்க அரிசி கிடைக்குமான்னுதான்.

ஒரகடத்துல இருந்து வல்லக்கோட்டை போற வழியில எங்க ஊர். இன்னிக்கு அந்தப் பக்கமெல்லாம் கம்பெனியும் கேட்டும் வாடகை ரூமுமா கிடக்கு. அப்போ சவுக்குத் தோப்பும் வேர்க்கடலைக் கொல்லையும்தான். அண்ணன் வீட்டுல தங்கினோம். மிஷன்ல மூணு மாசம் லீவு கொடுத்திருந்தாங்க. லீவுன்னு பேருதானே தவிர, உட்கார விடமாட்டாங்க. ஊழியத்துல இருந்து வந்த குடும்பம் சபை சபையா ஏறி இறங்கி சாட்சி சொல்லணும். அது எழுதாத சட்டம். வெள்ளை வேட்டியைச் சுவர்ல கட்டி, ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, ஸ்லைடு காட்டணும். பொண்ணு அந்த ஊர் பாஷையில ஒரு பாட்டு பாடணும். அவர் பேசணும். கடைசியில நான் எழுந்து நின்னு ஒரே வரி சொல்லணும்: "கொடுத்தவரே எடுத்துக்கிட்டார், ஸ்தோத்திரம்."

அந்த வரியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். வாலாஜாபாத்துல சொன்னேன். ஸ்ரீபெரும்புதூர்ல சொன்னேன். நான் சொல்லச் சொல்லச் சனங்க மூக்கைச் சிந்தும். முடிஞ்சதும் டீயும் மிக்சரும் கொடுப்பாங்க. ஒரு அம்மா என் கையைப் புடிச்சிக்கிட்டு, உன் பிள்ளை கர்த்தருக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது போலிருக்குன்னு சொல்லிச்சு. வாயில நல்லா வந்தது. அந்தம்மாவுக்கு மூணு பசங்க, மூணும் பக்கத்துலயே கல்லுகுண்டாட்டம் நின்னு மிக்சர் தின்னுக்கினு இருந்துச்சு. நான் சிரிச்சு வெச்சேன்.

அவர் சொல்ற கதை இப்படி இருக்கும். பிள்ளைக்கு மலேரியா, மூணு நாள் காய்ச்சல், குடும்பமா முழங்கால்ல நின்னு மன்றாடினோம், தேவ சித்தம் வேற மாதிரி இருந்தது, சமாதானமா ஒப்புக்கொடுத்தோம். இதுல பொய்னு ஒரு வார்த்தை கிடையாது. அதான் என் வயித்தெரிச்சல்.

நடந்ததை நான் சொல்றேன். நாங்க இருந்தது ஏரிக்கரையில ஒரு சின்ன ஊர். ஆஸ்பத்திரிக்குச் செம்மண் ரோட்டுல ரெண்டு மணி நேரம். மூணாம் நாள் விடிஞ்சதும் பையனுக்கு வலிப்பு வந்துடுச்சு. பருத்தி வியாபாரி ஒருத்தர்கிட்ட ஜீப் கேட்டு ஆள் அனுப்பினோம். ஜீப் வர்றதுக்குள்ள ஜெபிச்சிடுவோம்னு அவர் சொன்னார். எங்க வீட்டுல முழங்கால் போட்டா ஆமென் சொல்றவரைக்கும் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. அடுப்புல பால் பொங்கினாலும் சரி, வாசல்ல யார் கூப்பிட்டாலும் சரி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். பையனைப் பாயில போட்டு, சுத்தி மூணு பேரும் முழங்கால் போட்டோம். அவர் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஜீப் வந்து நின்னுச்சு. டிரைவர் வாசப்படி வரைக்கும் வந்தான். நல்ல மனுஷன், ஜெபம்னு தெரிஞ்சு தொப்பியைக் கழட்டிக்கிட்டு அப்படியே நின்னுட்டான். அவர் நிறுத்தலை. பையனுக்காக ஜெபிச்சார், அந்தத் தேசத்துக்காக ஜெபிச்சார், எங்க ஊர் சபைக்காக ஜெபிச்சார். அவர் ஆமென் சொல்றதுக்கு அரை மணி ஆச்சு. ஆஸ்பத்திரிக் கூரை கண்ணுக்குத் தெரியிற தூரத்துல பையன் என் மடியில அடங்கிட்டான்.

எல்லாச் சபையிலயும் அந்த ஜீப்பை மட்டும் விட்டுட்டுச் சொல்வார். ஈஸ்டர் முடிஞ்சதும் திரும்பவும் பிளேன் ஏறணும். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை, நான் ஞானஸ்நானம் எடுத்த எங்க ஊர்க் கோயில்லயாவது, என் பிள்ளை கதையை முழுசாச் சொல்லணும்னு எனக்கு. வேற எதுவும் வேண்டாம். அவர்கிட்டயே கேட்டேன். ஜீப் வந்ததையும் சொல்லுங்கன்னேன். அவர் தெக்க நாசரேத் பக்கத்துக்காரர், கோபம் வந்தா ஊர்ப்பேச்சு வந்துடும்.

"அதைச் சொன்னா பிறகு ஆரு பிள்ளைகள ஊழியத்துக்கு அனுப்புவா? சொல்லு."

அனுப்பவேணாம்னேன். அண்ணன் குறுக்க வந்து, இன்னாத்துக்கு இப்போ இதெல்லாம், மாப்ள சொல்றபடி கேட்டுக்கினு போன்னு அடக்கினார். அண்ணனுக்குச் சபையில பேர் கெட்டுடக் கூடாது. அவரவருக்கு அவரவர் கவலை.

குருத்தோலை ஞாயிறு மத்தியானம் எங்க கோயில்ல கூட்டம். நான் சின்னதுல உட்கார்ந்த அதே பக்கம் பொம்பளைங்க எல்லாம் ஓலையை மடியில வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ஸ்லைடு முடிஞ்சது. பையன் ஒரு டப்பாவுக்குள்ள உட்கார்ந்து சிரிக்கிற படம்தான் கடைசி. என் முறை வந்ததும் எழுந்தேன். அந்த ஒரு வரியைச் சொல்லலை. ஜீப்பைச் சொன்னேன், டிரைவரைச் சொன்னேன், அரை மணி நேரத்தைச் சொன்னேன். "எங்க கண்ணு மூடி இருந்துச்சு. இவர் ஜெபத்தை நிறுத்தலை"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தேன்.

கைக்குழந்தை ஒண்ணு மட்டும் சிணுங்கிச்சு. போதகர் அவசரமா ஒரு பாட்டை எடுத்தார், பாதிப் பேர் வாயைத் திறக்கலை. டீ கொடுத்தப்ப என் பக்கம் ஒருத்தரும் வரலை, அண்ணன் என் மூஞ்சியைப் பார்க்காம சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். என் வீட்டுக்காரர் சுவர்ல கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து மடிச்சுக்கிட்டே இருந்தார், அதுக்கு மேல மடிக்க முடியாதுங்கிற அளவுக்கு. எனக்கோ, பாவி, நிம்மதியா இருந்துச்சு. பையன் போனதுல இருந்து ஏழு மாசமா நெஞ்சுல கிடந்ததை அவர் தலையில இறக்கி வெச்சுட்டேன். ஒரு கப் டீயை ரசிச்சுக் குடிச்சேன்.

வீட்டுக்கு ஏரிக்கரை மேல நடந்து வந்தோம். நானும் பொண்ணும் முன்னால, ஸ்லைடு மெஷின் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அவர் பின்னால. ஏரி வத்தி நடுவுல மாடு மேஞ்சுக்கிட்டு இருந்தது. பாதிக் கரை தாண்டினதும் பொண்ணு என் புடவையைப் புடிச்சு நிறுத்தினா.

"அம்மா, நான் அன்னிக்குக் கண்ணு தொறந்துட்டேன்."

எனக்கு முதல்ல புரியலை. எப்போன்னு கேட்டேன்.

"தம்பிக்கு ஜெபம் பண்ணப்போ. அந்த டிரைவர் மாமா வாசல்ல நின்னுக்கினு இருந்தாரு. நான் பாக்குறதைப் பாத்துட்டு வாயில விரல் வெச்சாரு. உடனே மூடிக்கினேன். ஆனா தொறந்துட்டேன் இல்ல? அதனாலதானே தம்பி செத்துட்டான்?"

ஏழு மாசம். பச்சப்புள்ள. ஒவ்வொரு சபையிலயும் அந்தப் படத்துக்கு முன்னால நின்னு பாட்டுப் பாடி இருக்கா. பின்னால நடந்து வந்தவர் காலடிச் சத்தம் நின்னு போச்சு. மணிக்கணக்கா ஜெபிக்கிற மனுஷன், பெட்டியைக் கரையில வெச்சுட்டு அது மேலயே உட்கார்ந்துட்டார்.

நான் மண்டி போட்டு அவ தோளைப் புடிச்சிக்கிட்டேன். இல்லடி கண்ணு, கண்ணு தொறந்ததாலல்லாம் யாரும் சாகமாட்டாங்கன்னேன். அவ நம்பலை. கோயில்ல நீயே சொன்னியே, எல்லாரும் மூடி இருந்தீங்க, நான் மட்டும்தான் தொறந்தேன்னு திரும்பத் திரும்ப அதையே சொன்னா. அழவும் ஆரம்பிச்சுட்டா. அதை நிறுத்த எனக்கு ஒரே வழிதான் இருந்தது. சபையில சொல்லாததை, உங்களுக்கும் இதுவரைக்கும் சொல்லாததைச் சொன்னேன்.

"நானும் தொறந்தேன். ஜீப் சத்தம் கேட்டதும் தொறந்தேன். அந்த ஆளைப் பார்த்தேன். தம்பியையும் பார்த்தேன்."

அவ அழுகை நின்னுச்சு. என் மூஞ்சியை நல்லாப் பார்த்தா. அவ அப்பாவும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அப்போ நீ ஏம்மா எழுந்துக்கலை?"

அவ திட்டலை, தெரிஞ்சுக்கத்தான் கேட்டா. நான் அங்கேயே மண்டி போட்டபடி இருந்தேன்.